இத்தா வீட்டுப் பூனை

பூனை மண் நிரப்பிய பேசினுக்குள் ஏறி, முதுகைக் கூனி, கண்ணைச் சுருக்கி முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. இறங்கி, குசினியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் ஏறியது. நான் வாசலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது கூடச் சரியில்லை. பூனையோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்து முக்கினேன். அல்லாஹ்வே, ஓர் ஆட்டுப் புழுக்கை அளவுக்கு விழுந்தாலும் போதும் என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

அப்போது நான் இத்தா இருந்தேன். கணவன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல், வெள்ளை உடுத்து, அத்தர் பூசாமல், சுர்மா போடாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. தொழுது முடிந்து பாயில் இருந்தபடி அவருடைய பாவங்களை மன்னிக்கச் சொல்லிக் கையேந்துவேன். ஏந்திய கையை முகத்தில் தடவுவதற்கு முன்னால், அவசரம் அவசரமாக, பூனைக்கு வயிறு இளகவேண்டும் என்றும் கேட்டுவிடுவேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இரண்டையும் ஒரே கண்ணீரோடுதான் கேட்டேன்.

அது அவருடைய பூனை. உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். உப்புக் குவியலை மூடியிருந்த தென்னோலைக் கிடுகுக்குக் கீழே குட்டியாகக் கிடந்ததைச் சேர்ட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். கறுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டைக் குட்டி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவள் வந்த நாளில் இருந்து அவர் அவளை “மகள்” என்றுதான் கூப்பிட்டார். நான் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தேன். பிறகு நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. சில வருடங்கள் கழித்துப் பூனைக்கும் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, மெலிந்துபோய், பின்காலை நிலத்தில் இழுத்து இழுத்து நடந்தவளை அவர் புத்தளம் டவுனில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். அவருக்கு எழுதியிருந்த அதே இன்சுலினில் துளி அளவு பூனைக்கும் போட்டால் போதும் என்று வைத்தியர் சொன்னாராம். அந்தச் செய்தியை மனிதர் ஏதோ பரீட்சையில் மகள் பாஸ் பண்ணியது போலச் சந்தோஷமாக வந்து சொன்னார். அதன் பிறகு காலையில் சுபஹு தொழுத பிறகும் மாலையில் மஃரிபுக்குப் பிறகும் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து ஊசி போட்டுக்கொள்வார்கள். பெனியனைத் தூக்கித் தன் வயிற்றில் ஒன்று, பிடரித் தோலைத் தூக்கி அவளுக்கு ஒன்று. பிறகு அவள், கட்டில் காலடியில் அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட சாரத்தில் ஏறிப் படுத்துவிடுவாள். வீட்டில் சீனி இல்லாத ஒரே ஆள் நான். என்னை அவர்கள் தங்கள் கூட்டத்தில் சேர்க்கவே இல்லை.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், கதிரையில் இருந்து எழும்பப் போனவர் எழும்பவில்லை. நெஞ்சுதான் என்றார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வளவில் இருக்கும் மதினி, அவருடைய சொந்த ராத்தா, அன்றைக்கு வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். உம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர்தான். பிள்ளைகளை மதுரங்குளியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கபன் துணி, குளிப்பாட்டுதல், வந்தவர்களுக்குத் தேநீர் என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஓடித் திரிந்தார். என்னை உள் அறையில் இருத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் வீடுகளில் இருந்து சோறும் இறைச்சிக் கறியும் வந்துகொண்டே இருந்தன. எங்கள் அடுப்பு அணைந்து கிடந்ததால் பூனைக்கு அவிக்கும் மீனும் இல்லை. பாவம், வாயில்லா ஜீவன் என்று இரக்கப்பட்ட பெண்களெல்லாம் அவளுக்கு இனிப்புத் தேநீரில் பாணைத் தோய்த்துக் கொடுத்தார்கள். யாரோ கத்தம் ஓதுவதற்கு வந்த வட்டிலப்ப இனிப்பில் ஒரு துண்டு வைத்தார்களாம். நன்மை செய்கிற கைகள் அன்றைக்கு வீடு முழுக்க இருந்தன. தடுக்கத் தெரிந்த ஒரே ஆளைச் சந்தூக்குப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வந்தவர்களெல்லாம் போன பிறகு பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கதவுத் தட்டு வெறுமையாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்கள்.

“மதினி, இதில இருந்த ஊசி மருந்து எங்க?”

“உச்சமுனைத் தீவுக்குக் குடுத்தனுப்பினேன் புள்ள. அங்க ஒரு மனிசனுக்குச் சீனி கூடி, காலெல்லாம் புண்ணாப் பெயித்துக் கிடக்காம். தம்பிட பேருல சதக்காவா இரிக்கட்டும் என்டு உடுப்போட சேத்துக் குடுத்தேன்.”

“அது பூனைக்கும் போடுற மருந்து.”

மதினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். துக்கத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

“பூனைக்கு யாரும் இன்சுலின் போடுவாங்களா?”

“உங்கட தம்பி போட்டாரே.”

“அவன் சொன்னான்தான். எனக்கு விளையாட்டுக் காட்டுறான் என்டுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

அதுதான் அவருடைய கோளாறு. வாழ்நாள் முழுக்க ராத்தாவைப் பகிடி பண்ணிப் பண்ணியே, உண்மையைச் சொன்னபோதும் ராத்தா நம்பவில்லை. மவுத்தானவரின் சாமான்கள் கண்ணில் பட்டால் பெஞ்சாதி தாங்கமாட்டாள் என்று, கையோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் நல்ல காரியம். மதினி அதைத்தான் செய்திருந்தார். சேர்ட், சாரம், பெனியன், செருப்பு, ஊசி மருந்து எல்லாம் படகில் ஏறிப் போய்விட்டன.

“ஒரு சாரமாவது வெச்சீங்களா? பூனை அதிலதான் படுக்கிற.”

“எல்லாம் குடுத்தாச்சி புள்ள,” என்று சொல்லிவிட்டு மதினி ஏனங்களைக் கழுவப் போனார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் நன்மைக்காகச் செய்தவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

மதினியே பாலாவிக்கு பஸ்ஸில் போய், புது மருந்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பூனை கக்கூஸ் வாளித் தண்ணீரை எக்கி எக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்ததையெல்லாம் வீடு முழுக்க இறைத்தாள். நான் அதுவரைக்கும் ஊசியைத் தொட்டதில்லை. அவர் எப்படிப் பிடரியைத் தூக்குவார் என்று கண்ணை மூடி யோசித்து, மூடிய கண்ணோடு குத்தி, என் விரலிலேயே ஏற்றிக்கொண்டேன். இன்னொரு முறை ஊசி தோலின் மற்றப் பக்கத்தால் வெளியில் வந்து, மருந்தெல்லாம் மயிரில் வழிந்தது. அழுதுகொண்டே பழகினேன். பூனைதான் பொறுமையாக இருந்தாள். எத்தனையோ மந்தமான பிள்ளைகளுக்கு நான் கணக்குப் படிப்பித்திருக்கிறேன். மந்தமான டீச்சருக்கு அவள் படிப்பித்தாள்.

ஊசி சரியாக விழத் தொடங்கிய பிறகுதான் மலம் நின்றது. அதோடு உடம்பை நக்குவதும் தொடங்கியது.

எல்லாப் பூனையும் நக்கும். இவள் நக்கியது வேறு. கட்டில் காலடியில், சாரம் கிடந்த இடத்தில் இருந்துகொண்டு வயிற்றை நக்குவாள். நாக்குச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். வெள்ளை மயிர் போய், ரோஸ் தோல் தெரிந்து, பிறகு அந்தத் தோலும் சிவந்து நீர் கசிந்தது. எழுப்பிவிட்டால் அலுமாரிக்குக் கீழே போய்ச் சத்தமில்லாமல் நக்குவாள். எனக்கு எண்ணெய் வைத்துச் சீவக்கூடாது, கண்ணாடியில் அதிகம் முகம் பார்க்கக்கூடாது என்று ஆளுக்கொரு சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் பங்குக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே காலையில் இருந்து மஃரிப் வரைக்கும் சோடித்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அவர் சிங்களவர். இந்தப் பக்கத்திலேயே வேலை பார்த்து வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். என் கணவர் மவுத்தான செய்தியைச் சொன்னேன்.

“அனே, டீச்சர்,” என்றார். பிறகு விசயத்துக்கு வந்தார். “சீனி கூடினா ஒடம்புத் தண்ணியெல்லாம் மூத்திரமாப் போகும். குடலுக்குத் தண்ணி இல்ல. மலம் காயும். நக்கி நக்கி முடியும் உள்ளுக்குப் போகுது. முடியும் காஞ்ச மலமும் சேர்ந்து அடைக்குது. அடைச்சா வயிறு நோகும். நொந்தா அந்த எடத்த இன்னும் நக்கும்.”

“அப்ப இதில எத முதல்ல நிப்பாட்டுற?”

“எல்லாத்தையும் ஒன்டா நிப்பாட்டணும் டீச்சர்.”

நல்ல கதை. ஒன்றையே நிறுத்த வழி தெரியாதவளிடம் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தச் சொல்கிறார். ஆனாலும் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். உப்பில்லாமல் மீன் அவித்து, தண்ணீரோடு பிசைந்து வைத்தேன். அதில் ஒரு தேக்கரண்டி அவித்த பூசணிக்காய். மலம் இளக்கும் பாணியை ஊசியில்லாத சிறிஞ்சியில் எடுத்துக் கடைவாயில் விட்டேன். உதிரும் மயிர் வயிற்றுக்குள் போகாமல் இருக்கப் பேன்சீப்பால் காலையும் மாலையும் சீவினேன். மூலைக்கு மூலை தண்ணீர்க் கோப்பை வைத்தேன். கச்சான் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து புழுதியை அள்ளிக் கோப்பைகளில் கொட்டும். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். திரும்பவும் கழுவி, திரும்பவும் நிரப்புவேன்.

வைத்தியரோடு போனில் கதைப்பது மதினிக்குப் பிடிக்கவில்லை.

“இத்தா இருக்கிற பொம்பிள அந்நிய ஆம்பிளையோட என்ன இவ்வளவு நேரம் கதை?”

“பூனைட மலத்தப் பத்தித்தான் மதினி. இந்தாங்க, நீங்களே கதைங்க.”

போனை நீட்டினேன். மதினி அதைச் சூடான சட்டியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டார். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் கண்ணூறு என்றார். யாரோ பூனையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள் என்றார். ஒரு சின்னப் போத்தலில் ஓதின எண்ணெய் கொண்டுவந்து வயிற்றில் பூசச் சொன்னார். நான் மறுத்தேன். “அல்லாஹ்ட கலாமில உனக்கு நம்பிக்கை இல்லியா?” என்று கேட்டார். நம்பிக்கை இருக்கிறது, பூனையின் நாக்கில்தான் நம்பிக்கை இல்லை என்றேன். மன்னார்க்காரிக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த சிறு பிள்ளை நான். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும், கோபம் வந்தால் மதினிக்கு நான் மன்னார்க்காரிதான்.

நக்காமல் இருக்க ஒரு சட்டை போட்டுவிடுங்கள் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது என் இத்தா உடுப்புத் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணிதான். அதில் நாலு காலுக்கும் ஓட்டை வைத்து, முதுகில் நாடா வைத்துத் தைத்தேன். அன்றைக்கு மதினி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பாயில் வெள்ளை உடுத்து நானும், எனக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்துப் பூனையும் இருந்தோம்.

“இதுவும் இத்தாவா புள்ள?”

கேட்டுவிட்டு மதினி சிரித்தார். மையத்து எடுத்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். சிரிப்பு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். நானும் சிரித்தேன். பூனை ஒருத்திதான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் நாடாவைக் கடித்து அறுத்துவிட்டு, தொடையின் உள்பக்கத்தை நக்கத் தொடங்கினாள்.

பேசினில் ஏறுவதும் இறங்குவதும் கூடியது. வயிற்றைத் தடவினால் உள்ளே கல் கல்லாக விரலில் பட்டது. பிறகு ஒரு காலை அவள் மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோழி ஈரலை அவித்து வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். சாப்பிடாத பூனைக்கு ஊசி போடப் பயம், ஊசி போடாவிட்டாலும் பயம். சிறிஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, “மகள், ஒரு வாய், உம்மாக்காக ஒரு வாய்,” என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் காலடியில் போய்ப் படுத்து, நக்கக்கூடத் தெம்பில்லாமல் நாக்கை வெளியில் விட்டபடி கிடந்தாள். ஒரு மையத்து இந்த வீட்டில் இருந்து போய் இன்னும் ஈரம் காயவில்லை.

“இன்டைக்கே கொண்டு வாங்க டீச்சர்,” என்றார் வைத்தியர். “நாளைக்கு என்டு வைக்க வேணாம். மயக்கித்தான் எடுக்கணும். நான் வீட்டுக்கு வந்தாலும் அதச் செய்ய ஏலாது. இங்கதான் எல்லாம் இரிக்கி.”

மதினியைக் கூப்பிட்டேன். மீன் வாங்கும் கூடையில் துவாயைப் போட்டுப் பூனையை ஏற்றப் பார்த்தார். அதுவரைக்கும் உயிரில்லாமல் கிடந்தவள் மதினியின் கை பட்டதும் சீறி, மணிக்கட்டைப் பிளந்துவிட்டு அலுமாரிக்குக் கீழே பாய்ந்தாள். மவுத்தான அவரையும் என்னையும் தவிர ஒருவர் கையிலும் அவள் நின்றதில்லை. மதினியின் கையில் இரத்தம் சொட்டியது.

நான் அபாயாவை எடுத்துப் போட்டேன். முகத்தை மூடினேன். மதினி வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“எங்க?”

“டவுனுக்கு. பகல்தானே மதினி. தேவைக்குப் போகலாம் என்டு மார்க்கத்திலேயே இரிக்கி.”

“உனக்கு வருத்தம் என்டா நானே உன்னத் தூக்கிக்கிட்டுப் போவேன். பூனைக்கு வருத்தம் என்டா தேவையா?”

“எனக்குத் தேவைதான்.”

“ஊருல என்ன சொல்லுவாங்க?”

“ஊரு வந்து ஊசி போடுமா?”

மதினி கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஊர விடு. அவனுக்கு இனி நம்ம குடுக்கிறதுக்கு என்ன இரிக்கி? இந்த நாலு மாசந்தான் இரிக்கி. நீ இருந்து குடுக்கிறா என்டுதான் எனக்கு நித்திரையே வாற. அதையும் பூனைக்காக ஒடைக்கப் போறியா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர் வாயைப் பற்றியல்ல, தம்பியைப் பற்றித்தான் மதினி பயந்தார். ஆனால் எனக்கும் வேறு வழி இல்லை.

“அவருக்கு நான் இரிக்கிறேன் மதினி. அவருட மகளுக்கு யாரு இரிக்கிற?”

சொல்லிவிட்டு நிலத்தில் குந்தி அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். உப்புக் குவியலில் கிடந்து வந்த ஒரு பூனை எனக்கு என்ன என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். அவர் கையால் தொட்டு வளர்த்ததில் இந்த வீட்டில் உயிரோடு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போனால் நான் மட்டும் மிஞ்சுவேன். அதை நினைக்க என்னால் முடியவில்லை.

தலையை நிமிர்த்தியபோது வாசலில் மதினி இல்லை. போய்விட்டார் என்று நினைத்து எழும்பினேன். அபாயாவைச் சரிசெய்துகொண்டு படியில் கால் வைக்கப் போகும்போது, வளவைக் கடந்து மதினி வேகமாக வந்தார். கையில் வாய் இறுக்கிக் கட்டிய ஒரு சொப்பின் பை. என்னைப் பார்க்காமல் உள்ளே போய், கட்டிலில் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

நீலக் கட்டம் போட்ட சாரம். அவர் மவுத்தான அன்று காலையில் கழற்றிப் போட்டது. கழுவாதது.

வாசம் வந்து என் முகத்தில் அறைந்தது. தைலமும் வியர்வையும் உப்பளத்து வெயிலும். கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“எல்லாத்தையும் குடுத்தாச்சி என்டீங்களே.”

மதினி தன் தலையணைக்குக் கீழே, காற்றுப் படாமல், பையைக் கட்டி வைத்திருந்திருக்கிறார். இரவில் அவிழ்த்துப் பார்ப்பார் போலிருக்கிறது. ஒரு சாரம் கேட்டுப் பூனையும் நானும் படாத பாடு பட்டபோது, இந்த மனுஷி அதை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. மணிக்கட்டு இரத்தம் சாரத்தில் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து எனக்கு ஆத்திரமும் வந்தது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை.

அலுமாரிக்குக் கீழே ஓர் அசைவு. பூனையின் மூக்கு வெளியில் வந்தது. பிறகு தலை. சாரத்தைக் கூடைக்குள் விரித்து நிலத்தில் வைத்தேன். அவள் தள்ளாடித் தள்ளாடி வந்து, கூடையின் விளிம்பில் முன்காலை வைத்து, என் உதவியில்லாமல் உள்ளே ஏறினாள். முன்கால் இரண்டாலும் சாரத்தைப் பிசைந்தாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். மதினி கூடையைத் தூக்கினார். சீறவில்லை. அசையவே இல்லை.

“நீ இரி,” என்றார் மதினி. “நான் போறேன்.”

த்ரீவீலர் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து மறைந்தது. நான் அபாயாவைக் கழற்றி மடித்து வைத்தேன். ளுஹர் தொழுதேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை, திரும்பவும் தொழுதேன். பேசின் மண்ணைக் கொட்டிப் புது மண் நிரப்பினேன். நிரப்பிய பிறகு, வராவிட்டால் இந்த மண்ணை என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. என் மேலேயே வெறுப்பு வந்தது. ஒருமுறை போன் எடுத்தேன். மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள், கதைக்க ஏலாது என்று சொல்லி மதினி வைத்துவிட்டார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னபோது எனக்கு அந்தக் கதிரையைப் பார்க்கப் பயமாக இருந்தது. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் கேட்டது பூனையின் கத்தல். ஒழுங்கை முனையில் இருந்தே கேட்டது. உயிரோடு இருக்கிற பூனையின் பெருங்கத்தல். நான் கதவுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேன். த்ரீவீலர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையை வெளியில் நீட்டி வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். மதினி இறங்குவதற்கு முன்னாலேயே நாற்றம் இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது.

“வந்திட்டு புள்ள,” என்றார் மதினி. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை. “பாதிய டொக்டர் எடுத்தாரு. மிச்சத்த வாற வழியில இவளே எடுத்திட்டா. எல்லாம் வந்திட்டு. அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் வந்திட்டு.”

பூனையைத் தூக்கினேன். வயிறு தொய்ந்து மெத்தென்று இருந்தது. கழுவித் துடைத்து விட்டதும் தள்ளாடிக்கொண்டே போய் மீன் தண்ணீரை நக்கிக் குடித்தாள். கோப்பை காலியாகும் வரைக்கும் குடித்தாள். பிறகு மீனையும் தின்றாள். அவளுடைய வயிற்று மயிர் முளைக்கப் பல மாதங்கள் எடுத்தன. இன்றைக்கும் இடைக்கிடை முக்குகிறாள், நானும் கூட இருந்து முக்குகிறேன். ஆனால் அன்றைக்கு அவள் மீன் தின்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, வேறு ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை.

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. என்ன என்று பின்கதவால் எட்டிப் பார்த்தேன். மதினி வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். மடியில் அந்தச் சாரம். மலமும் மயிருமாக, நடுவில் இருந்து முக்கால்வாசி நாறிக் கிடந்தது. பக்கத்தில் சவர்க்காரக் கட்டி. எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியின் மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டு கொடுத்தபோது அழாதவரின் கண்ணில் இருந்து இப்போது நிற்காமல் வழிந்தது.

“கழுவாம வைக்க ஏலாதுதானே புள்ள?”

“ஏலாது மதினி.”

போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். சாரத்தை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் கையகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. அதைப் பிடித்து மதினியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு என் பக்கம் தந்தார். நானும் இழுத்தேன். பூனை நாற்றத்துக்கு நடுவில் அவர் இருந்தார். இரண்டு பேரும் அந்த மூலையை மாறி மாறி முகர்ந்துகொண்டு, குழாயடியில், அஸர் வெயில் போகும் வரைக்கும் இருந்தோம்.

பிறகு மதினி குழாயைத் திறந்தார். நான் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தேன்.